கிளுவைக் குச்சி

தாராபுரம் சார்பு நீதிமன்றத்தில்
பதினோரு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்.
சாட்சி பேசுவார். அதை நீதிபதி சொல்வார்.
நீதிபதி சொன்னதுதான் தாளில் விழும்.

மூலனூர் பாவாத்தாள் கூண்டேறிய அன்று
மின்சாரம் இல்லை.
அரசு வழக்கறிஞர் கோப்பால் விசிறிக்கொண்டே கேட்டார்:
சாலைக்கு எடுத்த இரண்டு ஏக்கர் எழுபது சென்ட்
அடங்கலில் தரிசு என்றிருக்கிறது, சரிதானே?

“தரிசுன்னா ஒன்னும் மொளைக்காததுங்க.
இது கொறங்காடு.
கொழுக்கட்டைப் புல்லு, நடுவால வெள்வேல மரம்,
சுத்தியும் கிளுவை.
மழை பேஞ்சா ஆட்டை உள்ள உடாம
படலைச் சாத்தி வெப்பமுங்க, புல்லு மேல வரட்டும்னு.
சாத்தி வெச்சிருந்தப்ப வந்து பாத்துட்டு
சும்மா கெடக்குதுன்னு எழுதீட்டுப் போயிட்டாரு.”

நான் அடித்தது:
மேற்படி நிலத்தில் பயிர்ச் சாகுபடி இல்லை என்றால் சரிதான்.

அடுத்த கேள்வி வேலிக்கு.
இழப்பீடு கேட்கிறீர்களே,
அது கட்டுமானமா, மரமா?
படிவத்தில் அந்த இரண்டு கட்டம்தான் இருக்கிறது.

பாவாத்தாள் கொஞ்சம் யோசித்தார்.
“வேலிங்க.”

பெஞ்சு கிளார்க் சிரிப்பை இருமலாக்கினார்.

“முந்தி காட்டைச் சுத்தி ஒரு வேலி.
இப்ப ரோடு நடுவால போவுதுங்க.
அக்கட்ட ஒரு துண்டு, இக்கட்ட ஒரு துண்டு.
ரெண்டுக்கும் ரோட்டோரமா வேலி வேணும்.
செம்மறிக்கு லாரி தெரியாதுங்க,
ஒன்னு போற வழியில அத்தனையும் போகும்.
பழசுக்குக் காசில்லைன்னா புதுசுக்காவது போட்டுக் குடுங்க.”

ஆட்சேபணை என்றார் அரசு வழக்கறிஞர்.
பாதி அடித்ததை அழித்தேன்.

அப்போதுதான் ஜவுளிக்கடைப் பையிலிருந்து
ஒன்றரைச் சாண் குச்சியை எடுத்து நீட்டினார்,
இதையும் சேத்திக்கோங்க என்று.
அவருடைய வக்கீல் அர்த்தநாரி
கூரையைப் பார்த்தார்.
கொலை வழக்கில் அரிவாளுக்குச் சீட்டுக் கட்டி எண் போடுவோம்.
குச்சிக்கு எண் இல்லை.
அது என் மேசை ஓரத்தில் தங்கிவிட்டது.

சாயங்காலம் நகல் பிரிவுக்குப் பின்னால்
தண்ணீர் டிரம் ஒழுகும் இடத்தில் செருகினேன்.
இரக்கமெல்லாம் இல்லை.
குப்பைக்கூடை நிரம்பியிருந்தது.

முதல் வாய்தா: நில எடுப்பு வட்டாட்சியர் தேர்தல் பணியில்.
அடுத்ததற்கு நீதிமன்றப் புறக்கணிப்பு.
நீதிபதிக்கு மாற்றல் வந்தது,
புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்.
இதற்குள் சாலை திறந்துவிட்டார்கள்.
என் பஸ்ஸும் அதில்தான் வருகிறது.
பன்னிரண்டு நிமிடம் மிச்சம்,
அதில் ஒரு டீ குடிக்கிறேன்.
மூலனூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம்
ஒரு கிழவர் இரண்டு கையையும் விரித்து
ஆடுகளை நிறுத்திப் பிடித்திருப்பார்,
பஸ் போகும் வரை.

ஆடிக்காற்றுக்குப் பின் டிரம் அருகே போனேன்.
குச்சியில் மூன்று கணுவில் இலை.
அமீனா துண்டு காயப் போட்டிருந்தார் அதன்மேல்.

தீர்ப்பையும் நானே அடித்தேன்.
சென்ட் நாலாயிரம் என்பது ஒன்பதாயிரமாக உயர்த்தப்படுகிறது.
வட்டி உண்டு.
வேலியைப் பொறுத்தவரை
மனுதாரர் தரப்பில் ஆதாரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை
என்ற இடத்தில்
‘ஆதாரம்’ என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று.
திருத்தினேன்.

நகலுக்கு வந்த பாவாத்தாளிடம்
அப்பீல் போவீர்களா என்றேன்.
அரசாங்கமே போகுதாமுங்க, ஒன்பதாயிரம் அதிகமாம்.
ஸ்டாம்பு ஒட்டக் காத்திருந்தவர்
கை கழுவ டிரம் பக்கம் போனார்.
வெகு நேரம் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். குனிந்து
நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.
“ஒன்னா நட்டா வேலி ஆகாதுங்க கண்ணு.
சாணுக்கு ஒன்னு நடோணும்” என்றார்.
கிள்ளிய நுனியைப் பையில் போட்டார்,
தீர்ப்பு நகலோடு.